நிலத்தைக் கற்ற அல்டோ லியோபோல்ட்

வேட்டுவன் கையை விலக்கிவிட்டாற் காட்டுயிர்கள் தாமே பெருகிவிடும் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அது முழு உண்மையன்று என்பதைப் பட்டறிந்து உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்க அறிஞர் அல்டோ லியோபோல்ட். பட்டறிவு என்னுஞ் சொல்லை ஈண்டு வேண்டுமென்றே ஆள்கின்றோம். அன்னார் தமது தவற்றின் வாயிலாகவே அதனைக் கற்றார்.

அவர் 1887ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி, அயோவா மாநிலத்துப் பேர்லிங்டன் நகரில், மிசிசிப்பி ஆற்றை நோக்கிய மேட்டில் அமைந்த இல்லத்திற் பிறந்தார். தந்தையார் எழுதுமேசை செய்விக்குந் தொழிலதிபர், வேட்டையிற் பெருவிருப்பினர். எனினும் நீர்ப்பறவைகளை வசந்தகாலத்திற் சுடுதலாகாது என்னும் விரதத்தைச் சட்டம் விதிக்குமுன்னரே தமக்குத் தாமே விதித்துக்கொண்டவர். மைந்தர் துப்பாக்கியையும் அதற்குரிய அடக்கத்தையும் ஒருங்கே அவரிடம் பயின்றார்.

யேல் சர்வகலாசாலையில் வனவியல் கற்று, 1909இல் அரசாங்க வனச்சேவையிற் புகுந்த லியோபோல்ட், அரிசோனாவின் அப்பாச்சி வனத்துக்கு அனுப்பப்பட்டார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டுவர்க்குக் குறைவில்லை; இதுவே அக்காலத்தார் கணக்கு. இளைஞரும் அதனை ஐயுறாது ஏற்றார். மலையடிவாரத்தில் ஆற்றைக் கடந்து வந்து குட்டிகளோடு களித்த தாய் ஓநாயொன்றை அவரும் தோழரும் மேலிருந்து சுட்டனர். இறங்கிச் சென்றபோது அதன் விழிகளிற் பச்சையொளி அணைந்துகொண்டிருந்தது. அக்காட்சியின் பொருள் அன்று அவருக்கு விளங்கவில்லை. பின்னரும் பல ஆண்டுகள் ஓநாயையும் பூமாவையும் ஒழிக்கவேண்டுமென்றே அவர் வாதாடினார். அதனை உள்ளம் நொந்து எழுத 1944 வரை செல்லவேண்டியதாயிற்று.

இதனிடையே அரிசோனாவின் கைபாப் மேட்டுநிலம் பாடம் புகட்டிற்று. 1906இல் அது விலங்குக் காப்பிடமாக்கப்பட்டது. ஊனுண்ணும் விலங்குகள் கொல்லப்பட்டன. மான் பெருகிற்று, தளிரும் மரக்கன்றும் ஒழிந்தன. 1920களின் நடுவில் ஆயிரக்கணக்கான மான்கள் பட்டினியால் மடிந்தன. சுடுவாரில்லை, ஆயினும் செத்தன.

1928இல் அரசாங்க வேலையை விடுத்த லியோபோல்ட், வடமத்திய மாநிலங்களில் வேட்டை விலங்குகளின் நிலையை ஆராயப் புறப்பட்டார். காடை அவருக்கு நல்லாசிரியனாயிற்று. காடைக்குத் தானியம் மட்டும் போதாது. பனிக்காலத்திற் பருந்துக்கு ஒளியப் புதர் வேண்டும். கூடு கட்டப் புல் வேண்டும். இவை யாவும் அது நடந்து செல்லுந் தூரத்துள் அடுத்தடுத்து அமைதல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஏனையவற்றின் மிகுதியாற் பயனில்லை. வயலும் புதரும் புல்லும் கூடும் ஓரங்களிலேயே உயிர் செறிகின்றது எனக் கண்டார். உழவர் வேலியோரப் புதரை வெட்டித் துப்புரவாக்கிய இடங்களிற் காடை அருகிற்று. விலங்கையும் புள்ளையும் நிலத்தின் கருப்பொருளாக வைத்தெண்ணிய நம் இலக்கணப் புலவர்க்கு இக்கருத்துப் புதுமையாகத் தோன்றாது.

இவற்றையெல்லாம் 1933இல் வேட்டை விலங்கு மேலாண்மை பற்றிய பெருநூலாக்கினார். அவ்வாண்டே விஸ்கொன்சின் சர்வகலாசாலை அத்துறையிற் பேராசிரியர் பதவி அளித்தது. 1935இல் ஜெர்மனி சென்றவர், வரிசை பிறழாது நட்ட ஊசியிலைக் காடுகளைக் கண்டார். மரமுண்டு, மானுமுண்டு, மரத்தடியிற் பூண்டில்லை. மனிதன் கொடுத்த தீனியால் மான் வாழ்ந்தது. அவ்வொழுங்கு அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை.

அவ்வாண்டே விஸ்கொன்சின் ஆற்றங்கரையில், உழுதுழுது வளமிழந்த மணற்பண்ணையொன்றை வாங்கினார். எஞ்சியிருந்தது கோழிக்கூடு ஒன்றே. அதைத் திருத்தி மனைவியாரும் மக்கள் ஐவருமாக வாரவிடுமுறைகளைக் கழித்தனர். 1936இல் நட்ட கன்றுகளுட் பெரும்பாலன வறட்சியிற் கருகின. மறுபடியும் நட்டனர், ஆண்டுதோறும் நட்டனர்.

1943இல் விஸ்கொன்சின் காடுகளில் மான் மிகுந்து உணவற்றபோது, பெண்மான்களையுஞ் சுட்டுத் தொகையைக் குறைத்தல் வேண்டுமென்றார். மக்கள் கொதித்தெழுந்தனர். மானுக்காக ஓநாயைச் சுட்டவர், காட்டுக்காக மானைச் சுடச் சொல்லி வசை கேட்டார். ஆயினும் கொள்கையை மாற்றிலர்.

1948 ஏப்ரலில் அவருடைய கட்டுரைத் தொகுதியை வெளியிட ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் இசைந்தது. ஒரு வாரங் கழித்து, 21ஆந் திகதி, அயலவர் நிலத்திற் புல் பற்றி எரிந்தது. தீ தம் தேவதாருக்களை நோக்கி வருவதைக் கண்டு அணைக்கச் சென்றவர், இருதயம் நின்று அவ்விடத்திலேயே மாண்டார். நூல் 1949இல் வெளிவந்தது.