இடிக்காமல் ஊரைத் திருத்தியவர்

இந்தூரில் பிளேக் பரவியிருந்த காலம் அது. ஆண்டு 1917. சந்துகளில் எலிகள் செத்து விழுந்தன. மக்கள் பயந்து கிடந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கிழவர் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரர். கலைந்த தலை, தாடி, கையில் நகரத்தின் வரைபடம். பொழுது விடிந்ததும் புறப்பட்டு விடுவார். சந்து சந்தாக நுழைவார். நின்று பார்ப்பார், படத்தில் ஏதோ குறிப்பார். வழியில் போகிறவர்கள் அவரைக் கண்டு ஒதுங்கினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கொண்டார்கள்.

காரணம் இருந்தது. கையில் படத்துடன் ஒரு துரை தெருவுக்குள் வந்தால், பின்னாலேயே கடப்பாரையுடன் ஆட்கள் வருவார்கள் என்பதை மக்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பிளேக் வந்த ஊர்களில் எல்லாம் அப்போது அதுதான் வைத்தியம். தெருவை இடி, ரோட்டை நேராகப் போடு. இடிபட்ட வீட்டுக்காரன் எங்கே போவான் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பல இடங்களில் வராமலே போய்விடும்.

ஆனால் இந்தக் கிழவர் வந்தது இடிப்பதற்காக அல்ல. அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ்.

பாங்க் குமாஸ்தா

கெடிஸ் பிறந்தது 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூர். தகப்பனார் ராணுவத்தில் இருந்தவர். பிள்ளை பெர்த் நகரத்துக்கு வெளியே, தோட்டம் சூழ்ந்த சிறு வீட்டில் வளர்ந்தான். மகன் நல்ல உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று தகப்பனார் ஆசைப்பட்டார். அதற்காக கெடிஸ் ஒன்றரை வருஷம் பாங்க் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். கணக்குப் புத்தகத்தில் மனம் ஒட்டவில்லை. செடி கொடிகளைப் பற்றிப் படிக்கவே மனம் ஓடியது.

லண்டனுக்குப் போய், அன்றைய பெரிய விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். படித்தாரே தவிர, பட்டம் வாங்கவில்லை. கடைசிவரை அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தேர்வு எழுதிப் பட்டம் பெற்றதில்லை. அப்படி இருந்தும் இரண்டு இடங்களில் பேராசிரியராக இருந்தார். இரண்டாவது இடம் நம் பம்பாய்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். அங்கே திடீரென்று கண்பார்வை மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கட்டிலில் கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் பூதக்கண்ணாடிக் கருவியில் நெடுநேரம் கண் வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி இனி முடியாது என்று ஆகிவிட்டது. உயிரியல் படித்தவரின் கவனம் மெல்ல மெல்ல மனிதர்கள் வாழும் ஊர்களின் பக்கம் திரும்பியது.

சேரியில் குடித்தனம்

1886-ல் கெடிசுக்குத் திருமணம். மனைவி பெயர் அன்னா. வசதியான வீட்டுப் பெண், சங்கீதம் தெரிந்தவர். மறு வருஷம் கணவனும் மனைவியும் செய்த காரியத்தைக் கேட்டு உறவினர்கள் திடுக்கிட்டார்கள். எடின்பரோ நகரத்தின் பழைய பகுதியில், ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில் குடியேறினார்கள். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான்.

ஜேம்ஸ் கோர்ட் ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வாழ்ந்த இடம். அவர்கள் புதிய நகரத்துக்குப் போன பிறகு, உயரமான அந்தக் கட்டிடங்களில் அறைக்கு ஒரு குடும்பமாக ஏழைகள் அடைந்து கிடந்தார்கள். இருட்டு, ஈரம், நாற்றம். பம்பாயில் பழைய சால்களைப் பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

அங்கே போய் கெடிஸ் கூட்டம் போட்டுப் பேசவில்லை. துடைப்பத்தை எடுத்தார். தன் வீட்டு வாசலைக் கூட்டினார், சுவருக்கு வெள்ளை அடித்தார், ஜன்னலில் பூச்செடி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒருவர், இருவர் என்று சேர்ந்து கொண்டார்கள். பாழடைந்த கட்டிடங்களைச் சிறிது சிறிதாக வாங்கிப் பழுது பார்த்தார். முற்றிலும் இற்றுப்போன ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றும் வெயிலும் வரச் செய்தார். மாணவர்களுக்கு விடுதி நடத்தினார். அதன் நிர்வாகம் மாணவர்கள் கையிலேயே. பின்னாளில் அவரும் நண்பர்களும் பழைய நகரத்தின் காலி மூலைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். சிலவற்றைத் தோட்டமாக்கினார்கள். அந்த வேலையில் முன்னே நின்றவர், கைக்குழந்தையாக அங்கே வந்த மகள் நோரா.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பணக் கணக்கில் கெடிஸ் மகா மோசம். பாங்கில் இருந்தவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டிடங்களை வாங்கிக் கடனில் மூழ்கினார். 1896-ல் நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்து, சொத்துக்களை அதன் பொறுப்பில் வைத்துக் காப்பாற்றினார்கள். சொற்பொழிவிலும் அப்படித்தான். தாடிக்குள்ளேயே பேசுவார், முன்வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கையெழுத்தோ, கேட்கவே வேண்டாம்.

ஜீவனத்துக்கு டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை. 1888 முதல் 1919 வரை. வருஷத்தில் கோடைக் காலம் மட்டும் பாடம். மீதி மாதங்கள் நகரங்களுக்கு.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரங்களைப் பற்றி கெடிஸ் ஒரு பெரிய கண்காட்சி தயாரித்திருந்தார். பல தேசத்து நகரங்களின் படங்கள், வரைபடங்கள், மாதிரிகள். அதை இந்தியாவுக்குக் கொண்டுவரும்படி அழைத்தவர் அன்றைய சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு.

1914-ல் கெடிஸ் மூத்த மகன் அலஸ்டேருடன் ஒரு கப்பலில் புறப்பட்டார். கண்காட்சிப் பொருட்கள் 'கிளான் கிராண்ட்' என்ற வேறு கப்பலில் வந்தன. முதல் உலக யுத்தம் மூண்டுவிட்ட சமயம். சென்னையில் குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனைத் தெரியாத தமிழர் உண்டா? அதே எம்டன், அக்டோபர் மாதம் மினிக்காய் தீவுப் பக்கம் கிளான் கிராண்டை மடக்கி மூழ்கடித்தது. பல வருஷ உழைப்பு கடலுக்கு அடியில் போயிற்று.

கெடிஸ் மனம் உடையவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதினார். நண்பர்கள் அவசர அவசரமாகப் புதிய படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது.

பிறகு சென்னை மாகாணத்து ஊர்களை நடந்து பார்த்தார். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, இன்னும் பல. நமது கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. கோயிலைச் சுற்றி அகலமான வீதிகள், ஆண்டுக்கு ஒருமுறை தேர் ஓட வேண்டும் என்பதால் யாரும் ஆக்கிரமிக்காமல் காப்பாற்றப்பட்ட வீதிகள். நகர அமைப்பு என்பதைச் சீமையிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை, இங்கேயே இருக்கிறது என்பது அவர் கருத்து.

தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கமான தெருக்களை அறுத்துக்கொண்டு நேர் ரோடுகள் போட ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் வீடு வீடாகப் பார்த்து வேறொரு படம் போட்டார். இருக்கிற சந்துகளையே கொஞ்சம் அகலப்படுத்துவது. குடியிருக்க லாயக்கில்லாத சில வீடுகளை மட்டும் எடுப்பது. காலி மனைகளில் மரம் நடுவது. அவ்வளவுதான். மற்ற வீடுகள் அப்படியே நிற்கும். செலவும் மற்றதில் சிறு பங்கே. நோயாளியின் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு செய்யும் ஆபரேஷன் போன்றது இது என்று அவர் விளக்கினார்.

குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். கொசு வருகிறது, மலேரியா வருகிறது என்று அதிகாரிகள் குளங்களை மூடிக்கொண்டிருந்தார்கள். குளத்தைச் சுத்தம் செய்து மீன் விடுங்கள், வாத்து விடுங்கள், கொசுப்புழுவை அவை தின்றுவிடும் என்றார். மழை வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும், வெயிலில் ஊரைக் குளிர வைப்பதும் குளந்தானே! கழிவை எல்லாம் ஆற்றில் விடாமல் தோட்டத்துக்கு எருவாக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இன்று நகரங்கள் மழைக்கு மிதக்கும்போது நிபுணர்கள் பேசுவதை, அவர் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தார்.

மறைத்த செய்தி

1917 அவருக்குக் கொடிய வருஷம். ஏப்ரலில், பிரான்ஸ் போர்முனையில் மகன் அலஸ்டேர் குண்டுக்கு இரையானார். செய்தி இந்தியாவுக்கு வந்தபோது அன்னா கடும் நோயில் படுத்திருந்தார். மனைவி தாங்கமாட்டார் என்று கெடிஸ் சொல்லவில்லை. மகனிடமிருந்து முன்பு வந்த கடிதங்களைப் படுக்கை அருகில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். ஜூனில் அன்னா கல்கத்தாவில் இறந்தார். மகன் போனது அந்தத் தாய்க்குத் தெரியாது.

அதற்குப் பிறகும் கெடிஸ் ஊர் திரும்பிவிடவில்லை. இந்தூர் வேலை அவர் கையில் இருந்தது.

ஒருநாள் மகாராஜா

மக்கள் தன்னைக் கண்டு பயப்படுவதை அவர் புரிந்துகொண்டார். மன்னர் ஹோல்கரிடம் போய் ஒரு விசித்திரமான வேண்டுகோள் வைத்தார். தன்னை ஒரே ஒரு நாள் மகாராஜா ஆக்க வேண்டும் என்றார். மன்னரும் இசைந்தார்.

தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் என்று நகரெங்கும் அறிவிக்கப்பட்டது. இந்துக்களின் வழக்கமான பாதையிலும் போகாது, முஸ்லிம்களின் வழக்கமான பாதையிலும் போகாது. எந்தத் தெருக்களில் வீடுகள் அதிகமாகச் சுத்தமாக்கிப் பழுது பார்க்கப்பட்டு இருக்கின்றனவோ, அந்தத் தெருக்கள் வழியாகத்தான் போகும்! குப்பையை இலவசமாக வண்டியில் அள்ளிப்போக ஏற்பாடு. எலிகளைப் பிடிக்கவும் ஏற்பாடு.

நகரம் விழித்துக்கொண்டது. எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வர வேண்டும் என்று தெருவுக்குத் தெரு போட்டி. வெள்ளை அடித்தார்கள், ஓடு மாற்றினார்கள், பல வருஷக் குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. எலிகள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன.

தீபாவளி அன்று யானை, ஒட்டகம், குதிரைப்படை முன்னே சென்றன. லட்சுமியின் உருவம் வந்தது. பிறகு சோக வாத்தியத்துடன், இடிந்து இருண்ட வீடுகளின் மாதிரிகள், அசுத்தத்தின் வடிவமாக ஒரு ராட்சதன், பிளேக்கின் வடிவமாக ஒரு மாபெரும் எலி.

அதற்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்துத்தான் ஊர் வாய் பிளந்தது. நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள்! வெள்ளை வெளேர் என்று புத்தாடை, புதுத் தலைப்பாகை, கழுத்தில் மாலை. குப்பை வண்டிகளுக்குப் புது வர்ணம். மாடுகளின் கொம்புக்கும் வர்ணம். துடைப்பத்தில் பூ. யாரைத் தொட்டால் தீட்டு என்று ஊர் விலக்கி வைத்திருந்ததோ, அவர்கள் ராஜ ஊர்வலத்தில் தலை நிமிர்ந்து நடந்தார்கள். அடுத்து, வரப்போகும் நல்ல வீடுகளின் மாதிரிகள் வந்தன. வீட்டில் வைத்து வளர்க்க துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. இரவில் ராட்சதனையும் எலியையும் வாணவேடிக்கையுடன் கொளுத்தினார்கள்.

பிளேக் அடங்கியது. சுத்தம் செய்ததால் அடங்கியதா, அதற்குரிய பருவம் முடிந்ததால் அடங்கியதா என்று கேட்டால், இரண்டும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் தெருவில் போனபோது யாரும் ஒளியவில்லை. வீடுகளுக்குள் அழைத்துக் காட்டினார்கள். 1918-ல் இந்தூருக்கான திட்டத்தை இரண்டு பெரிய பாகங்களாக எழுதிக் கொடுத்தார்.

பம்பாயில்

1919-ல் பம்பாய் பல்கலைக்கழகம் சமூகவியல் துறையைத் தொடங்கி, கெடிசைப் பேராசிரியர் ஆக்கியது. பம்பாயில் 1896 பிளேக்குக்குப் பிறகு ஏற்பட்ட இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், நெருக்கமான தெருக்களை ஏராளமாக இடித்திருந்தது. வீடு இழந்தவர்கள் பக்கத்துத் தெருவில் போய் நெருக்கி அடித்துக்கொண்டு குடியேறினார்கள். நெருக்கடி தீரவில்லை, இடம் மாறியது. மாற்றாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைச் சால்களும் கெடிசுக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவரான ஜி.எஸ்.குர்யே பின்னர் அந்தத் துறைக்கே தலைவரானார்.

ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும், ஜெருசலேமில் பல்கலைக்கழகத்துக்குத் திட்டம் போட்டதும் இந்தக் காலத்தில்தான். டெல் அவிவ் நகரத்துக்கு 1925-ல் அவர் கொடுத்த திட்டம் பெருமளவு கட்டி முடிக்கப்பட்டது.

இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பல அறிக்கைகள் நகராட்சி அலமாரிகளில் தூங்கின. அறிக்கை கேட்ட அதிகாரிகளையே அறிக்கையில் சாடுகிறவருக்கு வேறு என்ன கிடைக்கும்?

1924-ல் உடல்நிலை கெட்டு பம்பாயை விட்டார். தென் பிரான்சில் மான்பெலியே நகரத்துக்கு அருகே மாணவர் விடுதி ஒன்றைக் கட்டி அங்கேயே தங்கினார். முன்பு ஒருமுறை வேண்டாம் என்று மறுத்த 'சர்' பட்டத்தை 1932 தொடக்கத்தில் பெற்றுக்கொண்டார். அதே வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி காலமானார். வயது 77.

அலமாரிகளில் கிடந்த அறிக்கைகளிலிருந்து முக்கியமான பகுதிகளைத் தொகுத்து, ஜாக்குலின் டிர்விட் என்ற அம்மையார் 1947-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். தஞ்சைச் சந்துகளின் படம் அதில் இருக்கிறது. எடின்பரோவில், கெடிஸ் வாசல் கூட்டிய ஜேம்ஸ் கோர்ட் இன்றும் நிற்கிறது. அதில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள்.