கிரிமியாவின் இறுதிக் கான்

கருங்கடலின் வடபால் அமைந்த தீபகற்பம் கிரிமியா. செங்கிஸ்கான் வழிவந்த கிராய் மரபினர், 15ஆம் நூற்றாண்டு முதல் 300 ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டை ஆண்டனர். பக்சிசராய் அவர்தம் தலைநகர். அம்மரபின் கடைசி ஆட்சியாளராக ஷாஹின் கிராய் அரியணையில் இருந்தது 6 ஆண்டுகளே. ஷாஹின் என்னும் பாரசீகச் சொல்லுக்கு வல்லூறு என்பது பொருள். அவ்வல்லூறு ஏன் நெடிது பறக்க இயலவில்லை என்பதையே ஈண்டு நாம் காண விழைகின்றோம்.

1475 முதல் கிரிமியா உதுமானியப் பேரரசின் மேலாண்மையை ஏற்றிருந்தது. கானை அமர்த்துவதும் அகற்றுவதும் சுல்தானின் விருப்பம். 1768இல் மூண்ட ருஷ்ய-உதுமானியப் போர் இந்நிலையை மாற்றியது. ருஷ்யப் படை 1771இல் கிரிமியாவைக் கைப்பற்றியது. 1774இல் குச்சுக் கைனார்ஜாவில் எழுதப்பட்ட உடன்படிக்கை கிரிமியாவைத் தனிநாடாக அறிவித்தது. சுல்தானுக்குக் கலீபா என்ற முறையில் சமயத் தொடர்பு மட்டுமே எஞ்சியது. ஆயின், கேட்டுப் பெறாத விடுதலை அது! அதனை வழங்கிய கையே பின்னர் அதனைப் பறித்தது.

ஷாஹின் கிராய் வெளியுலகம் கண்டவர். ஐரோப்பிய மொழிகளில் பயிற்சியுடையவர். தம் உடன்பிறந்தார் சாஹிப் கிராய் கானாக இருந்தபோது, தூதுக்குழுவின் தலைவராகப் பீட்டர்ஸ்பர்க் சென்றார். பேரரசி இரண்டாம் காதரீனின் நன்மதிப்பு அங்கே அவருக்குக் கிட்டியது. 1777இல் ருஷ்யப் படையின் துணையுடன் தெவ்லத் கிராயை அகற்றிவிட்டு அரியணை ஏறினார்.

அவர் கனவு சிறிதன்று. குலத்தலைவர்கள் திரட்டித் தரும் படையை நம்பியிராமல், ஐரோப்பிய முறையில் பயின்ற நிலைப்படை ஒன்றை அமைக்க முனைந்தார். மேலை முறையில் நாணயம் அச்சிட்டார். முஸ்லிம்களையும் கிறித்தவர்களையும் வரி முதலியவற்றில் ஒரு நிலையில் வைக்க எண்ணினார். இத்திட்டங்கள் தம்மளவில் இகழத்தக்கன அல்ல என்பதே நம் துணிபு. ஆனால் அவற்றைக் குலத்தலைவர்களிடமும் உலமாக்களிடமும் எடுத்துரைத்து இணங்கச் செய்யும் பொறுமை அவரிடம் இல்லை. அரண்மனைக்கு அருகே அந்நியப் படை நிற்கையில் வரும் சீர்திருத்தத்தை எந்த மக்கள்தாம் ஐயமின்றி ஏற்பர்? ஆட்சி தொடங்கிய ஆண்டிலேயே கிளர்ச்சி வெடித்தது. ருஷ்யப் படை அதனைக் கடுமையாக ஒடுக்கியது. கானுக்கும் குடிகளுக்கும் இடையே குருதி ஓடிற்று.

அடுத்த அடி நண்பர்களிடமிருந்தே வந்தது. 1778இல் தளபதி சுவோரோவின் மேற்பார்வையில், கிரிமியாவின் கிரேக்கரும் ஆர்மீனியருமாகிய கிறித்தவர் 30,000க்கும் மேற்பட்டோர் ருஷ்ய மண்ணில் குடியேற்றப்பட்டனர். வணிகமும் கைத்தொழிலும் தோட்டப் பயிரும் பெரிதும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் செலுத்திய வரியும் அவர்களோடு போயிற்று. கான் சினந்தார். எனினும் சினத்தைச் செயலாக்கப் படை வேண்டுமே! இருந்த பெரும்படையோ பேரரசியுடையது.

1782இல் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. இம்முறை எதிரணியின் தலைமையில் அவருடைய உடன்பிறந்தாரே நின்றனர். ஷாஹின் கிராய் கெர்ச் நகருக்கு ஓடி, ருஷ்யரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர்களே அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினர். அது சில மாத வாழ்வே. பதவி துறக்குமாறு அவர் நெருக்கப்பட்டார். 1783 ஏப்ரல் மாதத்தில், கிரிமியாவைத் தன் பேரரசுடன் இணைத்துக்கொண்டதாகக் காதரீன் அறிவித்தார். பள்ளிவாசல்களுக்கும் உடைமைகளுக்கும் காப்பளிப்பதாக அவ்வறிக்கை உறுதி கூறியது. ஆயினும் ஆயிரமாயிரம் தாத்தாரிய முஸ்லிம்கள் பிறந்த மண்ணைத் துறந்து, கடல் கடந்து உதுமானிய நாடு சென்றனர்.

அரசிழந்த கான் ருஷ்யாவின் வரோனெஷ், கலூகா நகரங்களில் காவலில் இருப்பவர் போன்றே நாள்களைக் கழித்தார். இறுதியில் உதுமானிய நாடு செல்ல இசைவு பெற்று 1787இல் புறப்பட்டார். அங்கோ, ஒரு முஸ்லிம் நாடு கைவிட்டுப் போகக் காரணமானவர் என்றே அவரைக் கருதினர். ரோட்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்ட அவர், அவ்வாண்டிலேயே சுல்தானின் ஆணைப்படி அங்குக் கொல்லப்பட்டார்.