கண் இழந்தவர் திறந்து பார்த்த தேன்கூடு

தேன்கூட்டின் இருட்டுக்குள் நடக்கும் அதிசயங்களை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், கண் பார்வை இழந்த ஒருவர். நம்ப முடிகிறதா? ஆனால் உண்மை. அவர் பெயர் பிரான்சுவா ஹூபர்.

1750-ம் ஆண்டு ஜூலை மாதம் 2-ந் தேதி ஜெனீவா நகரில் ஹூபர் பிறந்தார். ஜெனீவா இப்போது சுவிட்சர்லாந்து நாட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது தனிக் குடியரசு.

சிறு வயதிலேயே ஹூபருக்குப் படிப்பில் அடங்காத ஆசை. இரவில் மங்கலான வெளிச்சத்தில் வெகு நேரம் படிப்பார். 15 வயதில் அவருடைய பார்வை மங்கத் தொடங்கியது. உடம்பும் கெட்டது. தகப்பனார் மகனைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு கிராமத்தில் தங்கி, விவசாயியைப் போல ஏர் பிடித்து உழுது வாழும்படி வைத்தியர் சொன்னார். அப்படியே செய்தார். உடம்பு தேறியது. கண்கள் தேறவில்லை. கண் வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

காத்திருந்த காதலி

மேரி லுலின் என்ற பெண் ஹூபரைக் காதலித்தாள். கண் தெரியாதவனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவள் தகப்பனார் மறுத்துவிட்டார். அவர் செல்வாக்கு மிகுந்தவர். 25 வயது நிரம்பினால்தான் பெண் தன் இஷ்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்பது அந்த ஊர்ச் சட்டம்.

மேரி காத்திருந்தாள். 25 வயது நிரம்பியதும், 1776-ம் ஆண்டில் ஹூபரையே மணந்தாள். கணவருக்காகப் படித்தாள், அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். போர் நடந்த காலத்தில், தேசப் படத்தில் குண்டூசிகளைக் குத்தி வைத்து, எந்தப் படை எங்கே நிற்கிறது என்று அவரைத் தொட்டு அறியச் செய்தாள். 40 ஆண்டுகள் அவர்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள்.

வேலைக்காரரின் கண்கள்

ஹூபரின் வீட்டில் பர்னென்ஸ் என்ற வேலைக்காரர் இருந்தார். பெரிய படிப்பு இல்லாதவர். எஜமானருக்குப் புத்தகம் படித்துக் காட்டுவது அவர் வேலைகளில் ஒன்று. ஒரு நாள் தேனீக்களைப் பற்றிய புத்தகம் வந்தது. அதில் சொன்னதெல்லாம் சரிதானா என்று சோதிக்க ஹூபருக்கு ஆசை பிறந்தது.

கேள்வி கேட்பவர் ஹூபர். பார்த்துச் சொல்பவர் பர்னென்ஸ். சொன்ன பதிலில் ஹூபருக்குத் திருப்தி இல்லையென்றால், மறுபடியும் பார்க்க வேண்டும். ஒரு முறை இரண்டு கூடுகளில் இருந்த தேனீக்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. கொட்டுக்கு அஞ்சாமல் பர்னென்ஸ் அதைச் செய்து முடித்தார். 11 நாட்கள் ஆயின! (பிற்காலத்தில் அவர் தம் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி, அங்கே மாஜிஸ்திரேட் ஆனார்.)

ராணித் தேனீ எப்படிக் கருவுறுகிறது என்பது அதுவரை புரியாத புதிராக இருந்தது. கூட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தபோது ராணி கருவுறவில்லை. வெளியே பறக்க விட்டார்கள். ஆண் தேனீயுடன் கூடிய அடையாளத்தோடு ராணி திரும்பியது. இரண்டு நாட்களில் முட்டையிடத் தொடங்கியது. வானத்தில் பறக்கும்போதுதான் ராணிக்குத் திருமணம் நடக்கிறது என்று தெரிந்தது.

பூக்களின் மகரந்தத்தில் இருந்து தேனீக்கள் மெழுகு செய்கின்றன என்று அப்போது அறிஞர்கள் நம்பினார்கள். ஹூபர் சில தேனீக்களை அடைத்து வைத்து, தேனும் தண்ணீரும் மட்டும் கொடுத்தார். அவை மெழுகால் அடை கட்டின. அதை எடுத்துவிட்டார். மறுபடி கட்டின. இப்படி ஐந்து தடவை! மகரந்தமும் பழமும் மட்டும் தின்ற தேனீக்களோ துளி மெழுகும் செய்யவில்லை. தேனைத் தின்றுதான் தேனீ தன் உடம்பில் மெழுகைச் சுரக்கிறது என்பது விளங்கிற்று.

ஏடு ஏடாகத் திறக்கும் பெட்டி

அந்த நாளில் ஐரோப்பாவில் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தார்கள். தேன் வேண்டுமானால் குழியில் கந்தகத்தைக் கொளுத்தி, அதன்மேல் கூடையை வைத்துவிடுவார்கள். புகையில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் மடிந்து விழும். பிறகு தேனை எடுப்பார்கள். வருஷமெல்லாம் உழைத்த ஜீவன்களுக்கு இதுதான் கூலி!

கூட்டைக் கலைக்காமல் ஆராய்வதற்காக ஹூபர் ஒரு புதுப் பெட்டி செய்தார். 12 மரச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அடை. எல்லாம் கீல் வைத்து இணைக்கப்பட்டவை. புத்தகத்தைப் புரட்டுவது போல ஏடு ஏடாகத் திறக்கலாம். தேனீக்கள் மிரளாமல் தங்கள் வேலையைப் பார்க்கும்.

ஆராய்ச்சிக்குச் செய்த பெட்டி, தேனீக்களின் உயிருக்கும் காவல் ஆயிற்று. கொல்லாமலே தேன் எடுக்க முடிந்தது. எடுப்பதிலும் ஓர் அளவு வேண்டும், அவற்றின் உணவுக்கு மீதி வைக்க வேண்டும் என்றார் ஹூபர்.

1792-ம் ஆண்டு அவருடைய புத்தகம் வெளிவந்தது. பர்னென்ஸ் போன பிறகு மனைவி மேரியும் மகன் பியரும் அவருக்குக் கண்களாக இருந்தார்கள். 1814-ம் ஆண்டு புத்தகம் இரண்டு பாகங்களாக விரிந்தது. 1831-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி, 81-வது வயதில், லோசான் நகரில் ஹூபர் காலமானார்.

பிறகு, அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் ஹூபரின் புத்தகப் பெட்டியில் தேனீ வளர்த்துப் பார்த்தார். பக்குவமாகக் கையாண்டால் தேனீக்களுக்குக் கோபம் வராமல் அடையை எடுக்கலாம் என்று அதில் அறிந்துகொண்டார். சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இடைவெளி விட்டால், தேனீக்கள் அதை ஒட்டி அடைப்பதில்லை என்பதை 1851-ம் ஆண்டில் கண்டார். சட்டங்களைத் தனித்தனியே மேலே தூக்கி எடுக்கும் பெட்டி அப்படிப் பிறந்தது. தேனை எடுத்த பின் வெற்று அடையைத் திரும்ப வைத்துவிடலாம். புது மெழுகுக்காகத் தேனைச் செலவழிக்காமல், தேனீக்கள் அதே அடையில் மறுபடியும் தேன் சேர்க்கும்.