டாக்டர் சுப்பாராவ் விட்டுச்சென்ற செல்வம்

தாமிரபரணிப் பாசனத்தில் சேற்றில் இறங்கி உழைப்போரைத் தாக்கக்கூடிய நோய்களுள் எலிக்காய்ச்சலும் ஒன்று. அதற்கு மருத்துவர் தரும் டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் முதல் மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற நம் நாட்டவரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் டாக்டர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

இளமை

1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவ, எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவரை வாட்டியது.

கடல் கடந்த பணி

அமெரிக்கா சென்றவர், வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் இரவுநேர ஊழியராக உழைத்தார். உயிர்ப்பொருள்களில் பாஸ்பரசை அளக்கும் பிஸ்கே-சுப்பாராவ் முறை 1925-இல் வெளிவந்தது. 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் ஸ்புரூ நோயைத் தீர்க்கும் ஃபோலிக் அமிலமும், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் உருவாயின. அங்கேயே டக்கர் என்னும் முதிய அறிஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பொன்னிற ஆரியோமைசினைக் கண்டார். அதுவே முதல் டெட்ராசைக்ளின். அம்மருந்து உலகுக்கு அறிமுகமான 1948-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதத்தில், தம் 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்

அவர் காணாத ஒன்றைப் பின்வந்தோர் கண்டனர். 1950-களில் ஜப்பானியச் சீதபேதிக் கிருமிகள் டெட்ராசைக்ளின் உள்ளிட்ட நான்கு மருந்துகளை ஒருங்கே வென்றன. அவ்வாற்றல் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை 1959-இல் அந்நாட்டு அறிஞர்கள் கண்டறிந்தனர். காரணம் பிளாஸ்மிட். குரோமோசோமுக்கு அப்பால், பாக்டீரியாவினுள் தனித்திருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையம் அது. இரு பாக்டீரியாக்கள் ஒட்டும்போது அதன் நகல் அண்டைக் கிருமிக்குச் செல்கிறது. வேறு இனத்துக்கும் செல்லும். உட்புகுந்த டெட்ராசைக்ளினை இறைத்து வெளியேற்றும் புரதத்தை ஆக்கும் மரபணு அவ்வளையத்தில் இருக்கக்கூடும்.

மருந்து இடைவிடாது புழங்கும் மருத்துவமனையில் வளையம் பெற்ற கிருமியே பிழைத்துப் பெருகுகிறது; கழுவாத கைகள் வழியே படுக்கைக்குப் படுக்கை பரவுகிறது. ஒரே வளையத்தில் பல எதிர்ப்பு மரபணுக்கள் இருப்பதால், ஒரு மருந்தை வீணாக வழங்கினும் ஏனைய மருந்துகளுக்கான எதிர்ப்பும் உடன் வளர்கிறது. இறுதிக்கட்ட மருந்தான கார்பாபெனெமையும் சிதைக்கும் நொதியை ஆக்கும் என்.டி.எம்.-1 மரபணு, சென்னையில் எடுத்த கிருமிகளிலும் பிளாஸ்மிட்டில் இருந்ததை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் கடமை

மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நானே. என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் பலர். சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும், மிஞ்சிய மாத்திரையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் தீது என்று நம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. புதிய மருந்தைக் காண ஒரு சுப்பாராவ் வேண்டும். இருக்கும் மருந்தைக் காக்க நாம் ஒவ்வொருவரும் போதும்.