தாயைத் தொட்ட நஞ்சு சேயையும் தொடும்!
பூச்சி மருந்தின் ஆபத்தைச் சொன்ன ரேச்சல் கார்சன் வரலாறு

காட்டில் தெளிக்கும் பூச்சி மருந்து, தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் எட்டும். இந்த ஆபத்தை உலகம் அறியச் செய்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் ரேச்சல் கார்சன்.

ரேச்சல் 1907-ம் ஆண்டு மே 27-ந்தேதி அமெரிக்காவில் பிறந்தார். ஊர், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்டேல். பறவைகளையும் செடி கொடிகளையும் நேசிக்கத் தாய் மரியா கற்றுக் கொடுத்தார். 1932-ல் விலங்கியலில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு அரசாங்க மீன்வள இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

குடும்பச் சுமை

1935-ல் தந்தை இறந்தார். 1937-ல் அக்காள் இறந்தார். அக்காளின் 2 பெண் குழந்தைகளைத் தாயும் ரேச்சலும் வளர்த்தார்கள். ரேச்சல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகலில் உத்தியோகம், இரவில் எழுத்து. 1951-ல் கடலைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் புகழ் தந்தது.

செத்து விழுந்த பறவைகள்

அந்தக் காலத்தில் டி.டி.டி. மருந்துக்கு ஏகப்பட்ட மதிப்பு. அது கொசுவையும் பேனையும் கொன்றது. பல உயிர்களைக் காத்தது. ஆனால், அளவில்லாமல் விமானத்தில் இருந்து தெளித்தார்கள். அதனால் பறவைகள் செத்து விழுந்தன. 1958-ல் ஒரு தோழி இதைக் கடிதம் எழுதித் தெரிவித்தார்.

ரேச்சல் 4 ஆண்டுகள் பாடுபட்டு உண்மைகளைத் திரட்டினார். இந்த மருந்து உடலின் கொழுப்பில் தங்கும். தாய்ப்பாலிலும் வரும். இந்த வகை மருந்துகள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகக்கூடும். இவற்றை எல்லாம் எழுதினார். 1962-ல் "மௌன வசந்தம்" என்ற அந்த நூல் வெளிவந்தது.

மருந்துக் கம்பெனிகள் கொதித்து எழுந்தன. அவரை ஏளனம் செய்தன. அப்போது ரேச்சலை மார்பகப் புற்றுநோய் வாட்டிக் கொண்டு இருந்தது. அதை அவர் வெளியே காட்டவில்லை. ஜனாதிபதி கென்னடியின் விஞ்ஞானிகள் குழு 1963-ல் அவர் பக்கம் நின்றது. 1964-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி, 56-வது வயதில் ரேச்சல் காலமானார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யை விவசாயத்துக்குத் தடை செய்தது.

மகளுக்கும் பாதிப்பு

அவர் அஞ்சியதற்குப் பின்னர் சான்று கிடைத்தது. கலிபோர்னியாவில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாய்மார்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்து இருந்தார்கள். அதைச் சோதித்த முடிவு 2003-ல் வெளியானது. ரத்தத்தில் டி.டி.டி. அதிகம் இருந்த தாயின் மகள், கர்ப்பம் தரிக்க அதிக காலம் ஆனது.

நம் பக்கத்துக் கேரளாவிலும் இதைப் போன்ற துயரம் நடந்தது. காசர்கோட்டில் முந்திரித் தோப்புகள் மீது எண்டோசல்பான் மருந்தை 2000-ம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அங்குள்ள பையன்கள் பருவம் அடைவது தாமதமானதை ஆமதாபாத் விஞ்ஞானிகள் கண்டார்கள். 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மிளகாயும் விளையும் மண். அங்கே களை எடுப்பதும் பஞ்சு எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். மருந்து அடிக்கும் காட்டுக்குக் கர்ப்பிணிகள் போகக்கூடாது. மருந்து பட்ட துணியை அவர்கள் துவைக்கவும் கூடாது. காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடிக்கவே கூடாது.

ரேச்சல் பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லை. ஆனாலும், ஊரார் பிள்ளைகளுக்காகக் கடைசி மூச்சு வரை போராடினார்!