எருமைகளை வெளியேற்றியதும் பறவைகள் குறைந்தது ஏன்? 'பறவை மனிதர்' சலீம் அலியின் கதை

சென்னை கள்ளிக்குப்பத்தில் இருப்பவர்களுக்கு ஏரி ஒன்றும் புது விஷயம் இல்லை. ஒரு பக்கம் புழல், இன்னொரு பக்கம் கொரட்டூர் ஏரி, கொஞ்சம் தள்ளி அம்பத்தூர் ஏரி. சாக்கடைத் தண்ணி கலப்பது, ஆகாயத்தாமரை மூடுவது, கரையில் குப்பை கொட்டுவது என்று இந்த ஏரிகளைப் பற்றிய புகார்களும் பழசுதான்.

ஏரியை எப்படிக் காப்பாத்தலாம்னு கேட்டா, நிறைய பேர் முதலில் சொல்வது ஒன்றுதான். சுத்தி வேலி போடுங்க, மாடு, மனுஷன் யாரையும் உள்ளே விடாதீங்க. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

1980களில் ராஜஸ்தானில் உள்ள ஒரு பெரிய நீர்நிலையில் இதை அப்படியே செய்து பார்த்தார்கள். அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் இந்தியாவின் மிகப்பெரிய பறவை விஞ்ஞானி. ஆனால், நடந்தது வேறு.

யார் இந்த சலீம் அலி?

1896 நவம்பர் 12-ம் தேதி மும்பையில், அப்போதைய பம்பாயில், பிறந்தவர் சலீம் அலி. ஒரு வயதில் அப்பா இறந்துவிட்டார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீன் தியாப்ஜிதான் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். மாமாவுக்கு வேட்டை என்றால் உயிர். பையன் கையிலும் ஒரு ஏர்கன் இருந்தது.

ஒருநாள் சலீம் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால், தொண்டையில் மஞ்சள் திட்டு. வழக்கமாக வீட்டில் பார்க்கிற குருவி இல்லை. இது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் பையனைத் துரத்திவிடாமல், அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். சலீம் அலியின் வாழ்க்கை மாறியது அங்கேதான். பிற்காலத்தில் தன் சுயசரிதைக்கும் அவர் அந்தக் குருவியை வைத்துத்தான் பெயர் சூட்டினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்துவிடவில்லை. படிப்பு சரியாக ஓடவில்லை. குடும்பத் தொழிலைப் பார்க்க பர்மா போனார், அதுவும் கைகொடுக்கவில்லை. 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்தார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவை விஞ்ஞானி வேலைக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. அதிலிருந்து விடுப்பு எடுத்து ஜெர்மனி போய், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற புகழ்பெற்ற பறவை அறிஞரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வந்து பார்த்தால், நிதி இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

வேலையில்லாத அந்த 1930-ல்தான் அவர் பெயர் சொல்லும் முதல் ஆய்வு நடந்தது. மும்பைக்கு அருகே கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும், பெண் குருவி வந்து பார்க்கும், பிடித்தால் குடியேறும். அது முட்டையில் உட்கார்ந்ததும் ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டக் கிளம்பிவிடும். நம்ம ஊர் பனை மரத்தில் தினமும் நடக்கிற இந்தக் கதையை, உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்து எழுதியது அவர்தான். சுட்டுப் பாடம் செய்வது மட்டுமே பறவை ஆராய்ச்சி என்றிருந்த காலம் அது.

அடுத்த பல ஆண்டுகள் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். கூடவே பயணித்த தெஹ்மினா 1939-ல் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். 1941-ல் வெளியான 'இந்தியப் பறவைகள்' புத்தகம் சலீம் அலியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. நேரு தன் மகள் இந்திராவுக்கு இதைப் பரிசாகக் கொடுத்தார். இந்த அறிமுகம் பின்னாடி ஒரு ஏரியைக் காப்பாற்ற உதவியது.

பரத்பூரில் என்ன இருந்தது?

ராஜஸ்தானின் பரத்பூர் நகரை ஒட்டியது கேவலாதேவ் நீர்நிலை. சுமார் 29 சதுர கிலோமீட்டர். இது முழுக்க இயற்கையாக உருவான ஏரி இல்லை என்பது முக்கியம். 18-ம் நூற்றாண்டில் அரசர் சூரஜ் மல் காலத்தில் அஜான் அணையைக் கட்டி, கம்பீர், பாணகங்கை ஆறுகளின் தண்ணீரைத் தேக்கினார்கள். பிறகு தாழ்வான நிலத்தில் மதகுகளும் சிறு கரைகளும் போட்டு வாத்து வேட்டைக்கான இடமாக மாற்றினார்கள். அதாவது நம்ம ஊர் ஏரி மாதிரி, மனிதர் கை பட்ட நீர்நிலை.

அங்கே இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை பறவைகள் சுடப்பட்டன என்ற கணக்கு அதில் பெருமையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் மிகப்பெரிய எண், வைஸ்ராய் லின்லித்கோ வந்த நாளுடையது. ஒரே நாளில் 4,273 பறவைகள். தேதி, 1938 நவம்பர் 12. சலீம் அலியின் 42-வது பிறந்தநாள்!

சுதந்திரத்துக்குப் பிறகு வேறு ஆபத்து வந்தது. ராஜா வேட்டையாட எதற்கு இவ்வளவு தண்ணி, ஏரியை வற்றவைத்து விவசாயத்துக்குக் கொடுங்கள் என்று கோரிக்கை எழுந்தது. நிலம் இல்லாதவர்கள் அப்படிக் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. சலீம் அலி நேருவிடம் போய், வடக்கே இருந்து வரும் லட்சக்கணக்கான பறவைகளுக்குக் குளிர்காலத்தில் வேறு இடம் கிடையாது என்று எடுத்துச் சொன்னார். ஏரி தப்பியது. 1956-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. மகாராஜாவின் வேட்டை உரிமை மட்டும் 1972 வரை தொடர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. நாகப்பட்டினம் மாவட்டம் கோடிக்கரையின் உப்புச் சதுப்புகளும் பூநாரைகளும் அவரைத் திரும்பத் திரும்ப இழுத்தன. அவருடைய கழகம் அங்கே வலசைப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆய்வு செய்தது. 1967-ல் கோடிக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமும் அதுதான். இன்று மாநிலத்தில் 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன.

எருமைகளுக்குத் தடை... என்ன ஆனது?

பரத்பூருக்கு வருவோம். ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகளும் மாடுகளும் பல தலைமுறையாக உள்ளே போய் மேய்ந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள். இவை பறவைகளின் இரையையும் கூடு கட்டும் இடத்தையும் கெடுக்கின்றன, இவற்றை வெளியேற்ற வேண்டும் என்பது சலீம் அலி உள்ளிட்டவர்களின் கருத்து. உலகம் முழுக்க அன்று இதுதான் பொதுக் கருத்தும்கூட. காட்டுயிர் வேண்டுமென்றால் மனிதரையும் மாட்டையும் வெளியே அனுப்பு.

1982-ல் கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆனது. மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். சுற்றுச்சுவரும் எழும்பியது. எருமைகளை எங்கே மேய்ப்பது என்று கிராம மக்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. அந்த நவம்பரில் மக்களுக்கும் போலீசுக்கும் மோதல் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தினர் சிலர் உயிரிழந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு பறவைகள் பெருகியிருந்தால், கசப்பான வெற்றி என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவும் நடக்கவில்லை.

1980-லேயே சலீம் அலியின் கழகம் அங்கே பத்தாண்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருந்தது. தடைக்கு முன், தடைக்குப் பின் என இரண்டு காலத்தையும் அளக்கும் வாய்ப்பு தானாக அமைந்தது. ஆய்வாளர்கள் தண்ணீரின் ஆழம், செடிகள், மீன், பறவைகள் எல்லாவற்றையும் வருடா வருடம் எண்ணினார்கள்.

எருமை போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தலைதூக்கியது. இந்தப் புல் கரையோரச் சேற்றில் வேர்விட்டு, தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரி படரும். முன்பெல்லாம் எருமைகள் அதைத் தின்றும் மிதித்தும் கட்டுக்குள் வைத்திருந்தன. இப்போது தின்ன ஆள் இல்லை. திறந்த தண்ணீர்ப் பரப்பு சுருங்கியது. வாத்து இறங்க இடம் வேண்டும். மீனைப் பார்த்துப் பிடிக்கிற பறவைகளுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். கிழங்கு தோண்டித் தின்னும் சைபீரியப் பெருங்கொக்குக்குப் புல் மூடாத சேறு வேண்டும். எல்லாமே குறைந்தது. அடர்ந்த புல் மட்கிய இடங்களில் ஏரியின் ஆழமும் குறையத் தொடங்கியது. புல்டோசர் வைத்துக்கூட அள்ளிப் பார்த்தார்கள், திரும்ப முளைத்தது.

எருமை இந்த நீர்நிலையின் எதிரி இல்லை, அது இயங்குவதில் ஒரு பங்கு என்று ஆய்வு முடிவு சொன்னது. அளவான மேய்ச்சல் தேவை என்றது. பெரிய மனிதர் சொல்லிவிட்டார் என்பதற்காக அவருடைய கழகத்து ஆய்வாளர்கள் எண்ணிக்கையை மாற்றி எழுதவில்லை. என்னைக் கேட்டால், சலீம் அலி கட்டி வளர்த்த அமைப்பின் உண்மையான பெருமை இதுதான். சரி, மேய்ச்சல் உடனே திரும்பியதா? இல்லை. தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலைச் சட்டம் அனுமதிக்காது. கிராமத்து ஆட்கள் உள்ளே போய்க் கையால் புல் அறுத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குத்தான் வழி திறந்தது.

சைபீரியப் பெருங்கொக்குகளை அங்கே கடைசியாகப் பார்த்தது 2002-ல். அதற்குப் புல் மட்டும் காரணம் இல்லை. அவை வரும் வழியில் நடந்த வேட்டையும் சேர்ந்ததுதான் அந்த இழப்பு.

கொரட்டூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாஸ்பாலம் புல்லுக்குப் பதில் ஆகாயத்தாமரையைப் போட்டுப் பாருங்கள். கதை புரிந்துவிடும். ஆனால் ஒரு வித்தியாசம். பரத்பூரில் புல் பெருகியதற்கு, மேய்கிற வாய் இல்லாமல் போனது காரணம். நம்ம ஏரிகளில் சாக்கடைதான் உரம். வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடியை ஊட்டி வளர்க்கின்றன. செடி மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது. அழுகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மீன் செத்து மிதக்கும். நாமக்கோழியும் நீர்க்காகமும் வேறு ஏரி தேடிப் போகும்.

இதனால்தான் ஆகாயத்தாமரையை மெஷின் வைத்து அள்ளினாலும் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளே வரும் கழிவுநீரை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளினால், அடுத்த வருஷமும் அள்ள வேண்டியதுதான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று தண்ணீர் சங்கிலி மாதிரி போகிறது. மேலே கலந்த அழுக்கும் அதே வழியில் போகும். கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் வருவதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் இதற்காகத்தான்.

இன்னொரு விஷயம். ஏரி சீரமைப்பு என்றாலே நாம் நினைப்பது ஆழப்படுத்துவது, கரையை நேராக்குவது, நடைபாதை போடுவது. ஆழப்படுத்தினா தண்ணி நிக்கும், சரி. கொக்கு எங்கே நிக்கும்? கொக்குக்கும் உள்ளானுக்கும் முழங்கால் அளவுகூட வேண்டாம், கணுக்கால் தண்ணீர் போதும். ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் சரிவான மேட்டுக் கரை, நடுவில் ஒன்றிரண்டு மண் திட்டு என்று விட்டால்தான் பலவகைப் பறவைகள் வரும். தொட்டி மாதிரி நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டினால், அது தண்ணீர் சேமிக்கும் இடமாக மட்டும்தான் மிஞ்சும்.

ஆட்களை விரட்டாமலே பறவைகளைக் காத்த உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, ஊர்க்காரர்களே வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் அதற்கு அங்கீகாரமும் வாங்கினார்கள்.

கடைசிக் காலம்

டில்லன் ரிப்ளே என்ற அமெரிக்கருடன் சேர்ந்து சலீம் அலி எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதி வெளியானபோது அவருக்கு வயது 78-ஐ நெருங்கியிருந்தது. 1976-ல் பத்ம விபூஷண் விருதும் ஜே. பால் கெட்டி பரிசும் கிடைத்தன. பரிசுப் பணத்தைத் தன் கழகத்திலேயே இயற்கைப் பாதுகாப்பு நிதியாகப் போட்டார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1985-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார்.

1987-ல், 90 வயதில், புற்றுநோயால் இறந்தார். பரத்பூர் ஆய்வின் இறுதி அறிக்கை வந்தபோது அவர் இல்லை.

1990-ல் அவர் பெயரில் கோவையில் ஒரு பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இப்போது அது ஆனைக்கட்டியில் இருக்கிறது. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் வி.எஸ்.விஜயன். எருமைகளைத் திரும்ப விடச் சொன்ன அந்தப் பரத்பூர் ஆய்வை முன்னின்று நடத்தியவர்.