கர்னால் ஊர்ப் பெண் கல்பனா சாவ்லா



கல்பனா சாவ்லா என்றதும் நமக்கு விருதுதான் ஞாபகம் வரும். பக்கத்துத் தமிழ்நாட்டில் வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்று துணிச்சலான பெண்ணுக்கு அந்தப் பெயரில் விருது தருகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி நம்ம மலரில் கொஞ்சம் சொல்லலாம்.

ஹரியானாவில் கர்னால் என்ற ஊரில் 1962 மார்ச் 17 அன்று, நாலு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தேசப் பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம். அப்பா பனாரசி லால் வியாபாரம் செய்து மெல்ல மேலே வந்தவர். வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டது மோண்ட்டு என்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வரைக்கும் நல்ல பேர் முடிவாகவில்லை. சொன்ன பேர்களில் கல்பனா என்பதைக் குழந்தையே எடுத்துக்கொண்டது. கற்பனை என்று அர்த்தம்.

அந்த ஊரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கிளப் ஒன்று உண்டு. சின்ன விமானங்கள் வீட்டுக்கு மேலேயே போகும். கோடையில் மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்ப்பார். நாமும்தான் படுத்துப் பார்த்திருக்கோம். ஆனா அங்கே போகணும்னு யாருக்குத் தோணுச்சு?

விமானப் பொறியியல் படிக்கணும் என்றபோது அப்பாவுக்கு இஷ்டமில்லை, பெண்ணுக்கு அது சரிப்படாது என்று நினைத்தார். அம்மா சஞ்ஜோதிதான் மகள் பக்கம் நின்றார். சண்டிகரில் 1982-இல் படிப்பை முடித்து அமெரிக்கா போனார். அங்கே 1983-இல் கல்யாணம், 1988-இல் முனைவர் பட்டம். 1994-இல் நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்வு செய்தது.

1997 நவம்பரில் முதல் பயணம். அதில்தான் சோதனையும் வந்தது. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை, இயந்திரக் கையால் வெளியே விடுவது அவர் வேலை. விட்டார், அது சரியாக இயங்கவில்லை. திரும்பப் பிடிக்கப் போனால் சுழல ஆரம்பித்துவிட்டது. பிறகு கூட வந்த இருவர் வெளியே இறங்கிக் கையாலேயே பிடித்தார்கள். பழி கல்பனா மேல் விழுந்தது. நம்ம குழுவிலும் கணக்கு இடிச்சா நோட்டு எழுதுறவளைத்தானே முதல்ல பார்ப்போம்! நாசா விசாரித்தது. கணினி நிரலிலும், தரையில் இருந்தவர்கள் உட்பட எல்லோரும் பின்பற்றிய செயல்முறையிலும் கோளாறு இருந்தது தெரிந்தது. பழி நீங்கியது. இரண்டாவது பயணத்துக்கும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

தான் படித்த கர்னால் பள்ளியை அவர் மறக்கவில்லை. 1998 முதல் வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகள் நாசாவுக்கு வந்து பார்க்க வழி செய்தார்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கணும் என்று பொறியாளர்கள் சிலர் கேட்டார்கள். மேலே இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை நினைச்சாத்தான் இன்னிக்கும் வயிறு எரியுது. பிப்ரவரி 1, தரையிறங்கப் பதினாறு நிமிஷம் இருக்கும்போது விண்கலம் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள். நமக்கு அப்போ சாயங்காலம். கர்னால் பள்ளியில் பிள்ளைகள் கொண்டாடக் கூடியிருந்தார்கள்.

அவருடைய அஸ்தியை அவர் விருப்பப்படியே அமெரிக்காவின் ஜயான் மலைப் பூங்காவில் தூவினார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2002 செப்டம்பரில் அனுப்பிய வானிலைச் செயற்கைக்கோளுக்கு, அவர் இறந்த சில நாளில் கல்பனா-1 என்று பெயர் மாற்றினார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலை ரெட்டியார்பாளையத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மரமெல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் புதுச்சேரியே தவித்தது. அந்தப் புயல் வங்கக் கடலில் சுழன்று சுழன்று நம்ம கரையை நோக்கி வந்ததை மேலிருந்து படமெடுத்து அனுப்பியதில் கல்பனா-1-உம் ஒன்று.